கலகெதரவில் ஒரு மினி சூப்பர்: வாங்குவதும் நடத்துவதும்

பிரான்சைஸ் கடை என்பது ஒரு கம்பனியின் பெயரையும் விற்பனை முறையையும் பணம் கொடுத்து எடுத்து, தன் முதலில், தன் ஆட்களை வைத்து, தன் பொறுப்பில் நடத்தும் கடை. பெயர்ப் பலகை, ராக்கையில் சாமான் அடுக்கும் ஒழுங்கு, பில் போடும் மென்பொருள், சரக்கு வரும் வழி எல்லாம் கம்பனியுடையவை. வாடகை, மின்சாரக் கட்டணம், சம்பளம், பழுதாகும் யோகட், திரும்பி வரும் காசோலை எல்லாம் கடைக்காரருடையவை. இந்தப் பிரிவினை எழுத்தில் எங்கே எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கடை தேறுவதும் தேறாததும்.

சிறு பலசரக்குக் கடைகளில் இந்த முறையை உலகில் பரப்பியதில் முக்கியமானது செவன் இலெவன். 1927 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஐஸ் விற்ற கம்பனி ஒன்று பாணும் பாலும் சேர்த்து விற்கத் தொடங்கியதில் பிறந்த வியாபாரம் அது. 1964 இல் கடைகளைத் தனியாருக்குக் கொடுத்து நடத்தும் முறைக்குப் போனது, 1974 இல் டோக்கியோவின் தொயொசு பகுதியில் ஜப்பானின் முதற் கடையைத் திறந்தது, 2021 ஒக்டோபரில் மும்பை அந்தேரிக்கு வந்தது. தென்னிந்தியாவில் 1905 இல் தொடங்கிய நீல்கிரீஸ் பால் பண்ணை, பிற்காலத்தில் பிரான்சைஸ் கடைகள் மூலமே ஊர் ஊராகப் பரவியது.

இலங்கையின் கதை வேறு. 1844 இல் கண்டியில் தொடங்கிய வியாபாரத்தின் வழிவந்த கார்கில்ஸ், 1983 இல் கொழும்பில் தன் முதல் சூப்பர்மார்க்கட்டைத் திறந்தது. அதுவும் அதன் பின் வந்த பெரிய சங்கிலிக் கடைகளும் பெரும்பாலும் கிளைகளைத் தாங்களே நடத்துகின்றன. சிறு நகரத்தில் கட்டடம் வைத்திருப்பவருக்கு அவர்கள் தருவது வாடகை ஒப்பந்தம், வியாபாரப் பங்கு அல்ல. தனிநபர் எடுத்து நடத்தக்கூடிய பிரான்சைஸ் அதிகம் தென்படுவது பேக்கரித் துறையிலும், அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்தகங்களிலும்தான். ஆகவே கலகெதர போன்ற இடத்தில் மினி சூப்பர் வைக்க நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: ஏற்கெனவே ஓடும் கடையை வாங்குவது, புதிதாகச் சொந்தப் பெயரில் திறப்பது, ஏதாவது ஒரு கம்பனியின் பெயரை எடுத்து அதனோடு பலசரக்கையும் சேர்த்து நடத்துவது. மூன்றுக்கும் பொதுவான வேலைகளே அதிகம்.

முதல் வேலை இடம் பார்ப்பது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ10 வீதியில், மலைநாடு தாழ்நிலம் நோக்கி இறங்கும் பக்கத்தில் கலகெதர இருக்கிறது. தும்பனைப் பிரதேச செயலகம், வைத்தியசாலை, பொலிஸ் நிலையம், ஜப்பார் மத்திய கல்லூரி என்று நாளாந்தம் ஆட்களை இழுக்கும் இடங்கள் உண்டு. சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் ஊர் என்பதால் கடையில் நிற்பவருக்கு இரண்டு மொழியும் வர வேண்டும். கண்டியில் வேலை செய்துவிட்டு மாலை பஸ்ஸில் இறங்குபவர்களே நல்ல வாடிக்கையாளர்கள். அவர்கள் எந்தப் பக்கம் இறங்குகிறார்களோ அந்தப் பக்கக் கடைக்குத்தான் பாண், முட்டை, பருப்பு வியாபாரம் சேரும். வீதியின் எதிர்ப்பக்கம், அதாவது காலையில் கண்டிக்குப் போகிறவர்கள் நிற்கும் பக்கம், தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் கைபேசி ரீலோடும் விற்கும். வாடகை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் வருமானம் ஒன்றல்ல. இதை ஒரு நாள் பார்த்து அறிய முடியாது. மழை நாள், சம்பள வாரம், பாடசாலை விடுமுறை என்று வெவ்வேறு நாட்களில் நின்று பார்க்க வேண்டும்.

ஓடும் கடையை வாங்குபவர், விற்பவர் காட்டும் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. சிறு நகரக் கடைகளில் விற்பனை முழுவதும் பில்லில் ஏறுவதில்லை. விலை பேசும்போது அதே விற்பனை வாயால் இரட்டிப்பாவதும் உண்டு. உண்மையைச் சொல்பவை வேறு கடதாசிகள். பேக்கரி வண்டி தினம் எத்தனை பாண் இறக்குகிறது, எத்தனை திரும்பப் போகிறது என்ற சிட்டை ஒன்று. விநியோகஸ்தர்களின் ஒரு வருட இன்வொய்ஸ்கள் இன்னொன்று: விற்பவர் மறைக்கலாம், பிஸ்கட் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதியான றெப் மறைக்க மாட்டார். மின்சார பில் மூன்றாவது. குளிரூட்டிகள் எத்தனை, அவை எவ்வளவு பழையவை என்பது அதில் தெரியும்.

விலையில் நான்கு பகுதிகள் இருக்கும்: கட்டடச் சொந்தக்காரருக்குப் போகும் கீ மணி, தளபாடமும் இயந்திரங்களும், கையிருப்புச் சரக்கு, கடையின் பெயருக்கான தொகை. சரக்கை மொத்தமாக ஒரு தொகை பேசி எடுப்பது ஆபத்து. கடையை ஒரு மாலை மூடி, இரு தரப்பும் நின்று, ஒவ்வொரு பொருளாக எண்ணி, காலாவதித் திகதி பார்த்து, வாங்கிய விலையில் கணக்குப் போட வேண்டும். ராக்கையின் பின்வரிசையில் இருக்கும் ஷாம்பு போத்தல்களும் நிறம் மங்கிய பெட்டிகளும் சரக்கல்ல, குப்பை. அவற்றுக்குப் பணம் கொடுத்தவர் அந்தப் பணத்தை எந்த வியாபாரத்திலும் திரும்ப எடுக்கப் போவதில்லை.

பிரான்சைஸ் எடுப்பவருக்கு எல்லாவற்றிலும் முக்கியம் ஒப்பந்தம். இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டமும், வர்த்தகக் குறிகளைப் பொறுத்தவரை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும்தான் அடிப்படை. எழுதியிருப்பதுதான் உரிமை, பேச்சில் சொன்னது எதுவும் நிற்காது. கம்பனிக்கு மாதம் மாதம் கொடுக்கும் பங்கு விற்பனைத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறதா, மொத்த இலாபத்தின் மீது கணக்கிடப்படுகிறதா என்பதே ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி. செவன் இலெவன் முறை மொத்த இலாபத்தைப் பங்கிடுவது. விற்பனை மீது சதவீதம் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பேக்கரிப் பொருளும் குளிர்பானமும் மட்டும் விற்கும் கடைக்கு இரண்டாவது முறையும் தாங்கலாம். அரிசியும் சீனியும் பருப்பும் பால்மாவும் விற்கும் ஊர்க்கடைக்கு அது தாங்காது.

அரிசியை எடுத்தாலே விளங்கும். 2024 டிசம்பரில் அரசாங்கம் விதித்த உச்ச விலையின்படி ஒரு கிலோ நாட்டரிசியின் மொத்த விலை 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா. கடைக்காரருக்குக் கிடைப்பது 5 ரூபா. அதில்தான் மூட்டை இறக்கும் கூலியும் சிந்தும் அரிசியும் பையும். கம்பனி விற்பனையில் 3 சதவீதம் கேட்டால், 230 ரூபாவுக்கு 6 ரூபா 90 சதம். ஒவ்வொரு கிலோவிலும் 1 ரூபா 90 சதம் கையிலிருந்து போகிறது. அரிசி இல்லை என்று சொல்லும் கடைக்கு கலகெதரவில் இரண்டாம் முறை யாரும் வர மாட்டார்கள். முழுக் கடைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாத விற்பனை 30 இலட்சம், சராசரி மொத்த இலாபம் 10 சதவீதம் என்று வைத்தால் கையில் மிஞ்சுவது 3 இலட்சம். விற்பனையில் 3 சதவீதம் 90,000 ரூபா. அதாவது வாடகை, சம்பளம், மின்சாரம் எதுவும் கொடுக்க முன்னரே இலாபத்தின் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று போய்விடுகிறது. கட்டுப்பாட்டு விலைப் பொருட்களைப் பங்குக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. அதற்கு இணங்காத கம்பனியோடு பலசரக்குக் கடை போடுவதைவிடச் சொந்தப் பெயரில் ஒரு சிறு கடை போடுவது எவ்வளவோ மேல்.

பதிவுகளும் அனுமதிகளும் அலைச்சல் தரும், கஷ்டமானவை அல்ல. வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில், வியாபார அனுமதிப்பத்திரம் பிரதேச சபையில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவுச் சட்டத்தின் கீழ் வந்து பார்ப்பார். தராசுக்கு வருடாந்தம் முத்திரை பதிக்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட் விற்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விலைக் கட்டுப்பாடு பற்றி மட்டும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்கு 2021 இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உச்ச விலையை மீறி விற்கும் தனிநபருக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை, கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை அபராதம். கடையில் நிற்கும் பையன் உச்ச விலையை மறந்து 10 ரூபா கூட்டி வாங்கினாலும் பொறுப்பு முதலாளியுடையது. பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய எல்லை 2024 ஜனவரியில் வருடத்துக்கு 8 கோடியிலிருந்து 6 கோடிக்குக் குறைக்கப்பட்டது. கடை வளர்ந்து அந்த எல்லையைத் தொடும் காலாண்டில்தான் பலர் கணக்காளரைத் தேடுகிறார்கள். அதற்கு முன்பே தேடுவது நல்லது.

சரக்கு வருவது இரண்டு பாதைகளில். கம்பனிப் பொருட்கள் அந்தந்த விநியோகஸ்தரின் லொறியில் கடை வாசலுக்கே வரும். றெப் ஒரு நாள் ஓடர் எடுப்பார், பிறகு சாமான் இறங்கும், பணம் ரொக்கமாகவோ பின்திகதியிட்ட காசோலையாகவோ போகும். பருப்பு, மிளகாய், கருவாடு, சீனி போன்றவை கண்டி மொத்தக் கடைகளிலிருந்தோ கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்தோ வரும். மரக்கறி எடுப்பவருக்கு தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையமும் எட்டாத தூரமல்ல. கலகெதரவுக்கு ஒரு வசதி உண்டு, கண்டிப் பக்கமும் குருநாகல் பக்கமும் கை நீட்டலாம். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிந்து கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. அதே மாத இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. அப்படிப்பட்ட நாட்களில் எந்தப் பக்க வீதி திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கணக்கு வைத்திருப்பவர் கடையில்தான் சாமான் இருக்கும். கம்பனியின் களஞ்சியத்திலிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டவருக்கு இந்த வசதி இல்லை. அவசர காலத்தில் வெளியே வாங்கலாம் என்று ஒரு வரியாவது ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்திகதியிட்ட காசோலை இந்தத் தொழிலின் உயிர்நாடி, அதே நேரம் அதன் கண்ணியும். மூன்று வாரத்துக்குப் பிறகான திகதி போட்டு சாமான் இறக்கும்போது முதல் தேவைப்படாதது போலத் தோன்றும். ஒரே வாரத்தில் நான்கு காசோலைகள் வங்கிக்குப் போகும்போதுதான் கணக்குத் தெரியும். காசோலை ஒருமுறை திரும்பினால் அந்தச் செய்தி மற்ற றெப்களிடம் போக அதிக நேரம் பிடிக்காது. அடுத்த லொறி ரொக்கம் இல்லாமல் சாமான் இறக்காது. எந்தத் திகதியில் எவ்வளவு போகிறது என்று காசாளர் மேசைக்கு மேல் கலண்டரில் எழுதி வைப்பது எந்த மென்பொருளைவிடவும் உதவும்.

காலாவதிக் கணக்கு தினசரி வேலை. பாண் காலையில் வரும், மாலைக்குள் போக வேண்டும். யோகட் கோப்பையைப் புதிதாக அடுக்கும்போது பழையதை முன்னுக்கு இழுத்து, புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். அவசரத்தில் பையன்கள் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள், கைநீட்டும் வாடிக்கையாளர் புதியதை எடுப்பார், பின்வரிசை அப்படியே புளிக்கும். பழுதானதை மாற்றித்தரும் கம்பனி எது, தராத கம்பனி எது என்று ஓடர் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கடன். பிரான்சைஸ் கைநூல்கள் எல்லாம் கடன் கூடாது என்கின்றன. ஊர்க்கடை கடன் இல்லாமல் நடக்காது. "நானா, கொப்பில போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியரோ ஓட்டோக்காரரோ பொய்யர் அல்ல, மாதச் சம்பளத்துக்கும் அன்றாடத் தேவைக்கும் நடுவில் நிற்பவர். மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் வீட்டுத் தோட்டக்காரருக்கோ வருமானம் அறுவடையோடுதான் வரும். அதனால்தான் இந்தப் பக்கத்து பழைய கடைகள் காய்ந்த மிளகை நிறுத்து எடுத்து, கொப்பியில் உள்ள கடனைக் கழித்து, மீதியைக் கையில் கொடுத்தன. அது வியாபாரமும் வங்கியும் ஒன்றாக இருந்த முறை. பில் இயந்திரம் வைத்த மினி சூப்பர் அந்த இடத்தை நிரப்புவதில்லை, அதனால்தான் அதன் பக்கத்திலேயே பழைய கடையும் உயிரோடு இருக்கிறது.

கடன் கொடுப்பதென்றால் ஒழுங்கோடு கொடுக்க வேண்டும். கொப்பி இரண்டு வேண்டும், ஒன்று கடையில், மற்றது வாடிக்கையாளரிடம்; இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டும். "பால்மா 400 கிராம் 1, பாண் 1, பருப்பு 500 கிராம்" என்று பொருளோடு எழுதினால் மாத இறுதியில் சண்டை வராது. தொகையை மட்டும் எழுதினால் வரும். ஒருவருக்கான உச்சத்தொகையை முதலே சொல்லிவிட வேண்டும். சிகரெட்டும் ரீலோடும் கடனுக்கு இல்லை, ஏனெனில் அவற்றில் கிடைக்கும் கமிஷன் ஒரு மாதம் காத்திருக்கப் போதாது. மொத்தக் கடன் கடையின் ஒரு வார விற்பனையைத் தாண்டிவிட்டால், அந்தக் கடை தன் பணத்தில் அல்ல, விநியோகஸ்தரின் பணத்தில் ஓடுகிறது என்று கொள்ளலாம். பிரான்சைஸ் கடையில் கடன் விற்பனை பில்லில் ஏறிவிடும், பங்கு உடனே கழியும், பணமோ பிறகுதான் வரும். ஒப்பந்தத்தை வாசிக்கும்போது இதைப் பலர் கவனிப்பதில்லை.

2021 உம் 2022 உம் கடைக்காரர்களுக்கு மறக்க முடியாத பாடம் நடத்தின. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் இறக்குமதிப் பால்மா 400 கிராம் பக்கட் 480 ரூபா ஆனது. 2022 ஜனவரியில் 540, மார்ச்சில் 790. பக்கட்டில் அச்சான விலைக்கு மேல் விற்க முடியாது. 100 பக்கட்டை 540 ரூபா வீதம் விற்று வந்த 54,000 ரூபாவைக் கொண்டு போனால், புதிய விலையில் 68 பக்கட் அளவில்தான் வரும். நட்டமே இல்லாமல் நேர்மையாக விற்றவரின் முதல் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் வரை போனபோது, எல்லாச் சாமானிலும் இதுதான் நடந்தது. அந்தக் காலத்தில் கடைக்குள் ராக்கை நிறையச் சாமான் வைத்திருந்தவர் தப்பினார், வங்கியில் பணமாக வைத்திருந்தவர் இளைத்தார். விலை நிதானமான காலத்தில் இதே பழக்கம் தலைகீழாக நட்டம் தரும். அப்போது தேங்கிய சரக்கு தேங்கிய பணம்தான்.

மின்சாரமும் அதே காலத்தில்தான் கணக்கைக் குழப்பியது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஐஸ்கிரீமும் உறைந்த கோழியும் வைத்த கடைகள் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றன. பிறகு கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதமும் கூடியது. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பின்னர் 2024 இலும் 2025 தொடக்கத்திலும் குறைக்கப்பட்டாலும், மினி சூப்பரின் குளிரூட்டிகள் இலாபத்தைத் தின்னக்கூடியவை என்ற அறிவு நிலைத்துவிட்டது. ஐஸ்கிரீம், குளிர்பானக் கம்பனிகள் இலவசமாகத் தரும் குளிரூட்டியிலும் மின்சாரம் கடைக்காரருடையது. அந்தப் பெட்டி விற்றுத் தரும் இலாபம் அதன் மின்சாரத்தைவிட அதிகமா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆட்கள் விடயத்தில் சட்டம் தெளிவானது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை திறக்கும் கடையை இரண்டு ஆட்களால் சட்டப்படி நடத்த முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவது முதலாளியும் மனைவியும் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும்தான். அவர்களுக்குச் சம்பளம் எழுதாமல் போடும் இலாபக் கணக்கு பொய்க் கணக்கு. வேறொருவரை அந்த நேரத்துக்கு வைத்தால் எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அதைக் கழித்த பிறகும் மிஞ்சினால்தான் இலாபம். திறந்திருக்கும் நேரத்தை ஒப்பந்தம் தீர்மானித்தால் நிலைமை இன்னும் கடினம். 2019 இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் செவன் இலெவன் கடைக்காரர் ஒருவர், ஆள் கிடைக்காததால் இரவில் மூடத் தொடங்கியபோது எழுந்த தகராறு அந்த நாடு முழுவதும் பேசப்பட்டது. கலகெதரவில் இரவு பத்து மணிக்குப் பிறகு திறந்திருக்கக் காரணம் இல்லை. நேரத்தைக் கடைக்காரரே தீர்மானிக்கலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பண்டிகைக் காலங்களுக்கு ஓடர் முன்கூட்டியே போக வேண்டும். ஏப்ரல் புத்தாண்டுக்குப் பிஸ்கட் டின், அரிசி மா, எண்ணெய். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம், கஞ்சிச் சாமான், மாலையில் குளிர்பானம். நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னுக்கு வருவதால் சென்ற வருடத்து ஓடர்த் தாளை அப்படியே பின்பற்ற முடியாது. பண்டிகை முடிந்து மிஞ்சும் டின்களைத் திரும்ப எடுப்பார்களா என்பது முன்பே பேசவேண்டிய விடயம்.

காப்புறுதியை வெறும் சம்பிரதாயமாக எடுப்பது கண்டி மாவட்டத்தில் பெரும் தவறு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குரணை, கட்டுகஸ்தோட்டை பக்கங்களில் நடந்த வன்முறையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வாழ்நாள் உழைப்பு ஓர் இரவில் சாம்பலான குடும்பங்கள் கண்டியைச் சுற்றி இன்றும் இருக்கின்றன. சாதாரணத் தீக் காப்புறுதியில் கலவரச் சேதம் தானாக அடங்காது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பைத் தனியாகக் கேட்டு, அதற்குரிய கட்டணத்தையும் செலுத்த வேண்டும். வெள்ளமும் மண்சரிவும் அப்படியே. கையிருப்புச் சரக்கின் பெறுமதியை வருடாவருடம் புதுப்பிக்காவிட்டால் இழப்பீடு பழைய விலையில்தான் வரும்.

கடையைக் கைமாற்றும் நாளுக்கான விதிகளையும் கையெழுத்திடும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் விலகினால் வைப்புப் பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும். பெயர்ப் பலகையும் மென்பொருளும் எடுக்கப்பட்ட பிறகு அதே கட்டடத்தில் சொந்தப் பெயரில் வியாபாரம் செய்யத் தடை உண்டா. மிஞ்சும் சரக்கைக் கம்பனி எடுக்குமா, எந்த விலையில் எடுக்கும். இவை எல்லாம் அந்த விதிகளில் இருக்கும். கட்டடக் குத்தகையின் காலமும் பிரான்சைஸ் ஒப்பந்தத்தின் காலமும் ஒன்றாக முடிய வேண்டும். குத்தகை மூன்று வருடம், ஒப்பந்தம் ஐந்து வருடம் என்றால் கடைசி இரண்டு வருடமும் கட்டடச் சொந்தக்காரர் கேட்பதே வாடகை. நிலுவைக் கடனை வாங்குபவரின் தலையில் வைத்து விலை பேச முடியாது, கொப்பியில் பெயர் எழுதியவர் கடை கைமாறிய பின் புதியவரிடம் கொடுப்பதில்லை. ஆகவே விற்க முடிவெடுத்தவர் கடன் கொடுப்பதை நிறுத்தி, ஓர் அறுவடையும் இரண்டு சம்பள நாட்களும் கடக்கும்வரை காத்திருந்து, வசூலானதை எடுத்து, விநியோகஸ்தர்களின் காசோலைகள் எல்லாம் வங்கியில் கடந்ததை உறுதிசெய்து, ஊழியர்களின் சேமலாப நிதியைக் கட்டி முடித்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.